பதருக்குள் ஒரு வண்டு

நெற்களஞ்சியத்தில் முப்பது வருடம் மருந்துப் புகையூட்டி வண்டுகளைக் கொன்றவன் நான். ஓய்வுபெற்றபின் பன்னிரண்டு வண்டுகளை வளர்க்கிறேன். பறவைத்தீன் கடையில் வாங்கிய மாப்புழுக்கள் கறுத்த வண்டுகளாகிவிட்டன. ஒரு பிளாஸ்டிக் பெட்டி, கோதுமைத் தவிடு, இரண்டு நாளைக்கொரு கரட் துண்டு போதும். தண்ணீர்ப் பாத்திரம்கூட வேண்டாம். என்னிடம் வேலை பார்த்த பலரைவிட ஒழுங்கு.

மனைவியின் தம்பிக்கு மட்டும் அவற்றைப் பிடிக்காது. அவன் வட்டை வயலுக்குள் நெல் செய்கிறவன். பெரும்போகத்து விதைநெல் ஆறு மூட்டையை மழைக்கு ஒதுக்காக எங்கள் விறாந்தையில் அடுக்கியபோதே சொல்லிவிட்டான்: “அத்தான், ஒண்டு வெளியால வந்தாலும் பெட்டியோட வாவிக்குள்ள எறிஞ்சிருவன்.”

விதைநெல் ஊறப்போடும் அன்று காலையில் எண்ணினேன். பதினொன்று. தவிட்டைக் கொட்டிச் சலித்தேன். பதினொன்றுதான். காற்றோட்டமாக இருக்கட்டுமென்று பெட்டியை அந்த மூட்டைகளின்மேல் வைத்தவன் நானே. மூடி ஒரு விரலளவு விலகியிருந்தது. பெட்டிக்கு நேர்கீழே இருந்த மூட்டையின் வாய்க்கட்டும் தளர்ந்திருந்தது. சேவைக்காலத்தில் இதற்கு விளக்கம் கோரிக் கடிதம் கொடுத்திருப்பேன், மூன்று பிரதிகளில்.

மூட்டைக்குள் கையை விடுமுன் வேலிப் படலை திறந்தது. அவன் வந்துவிட்டான்.

முதலில் பீப்பாய்த் தண்ணீரில் நெல்லைக் கொட்டுவார்கள். பதர் மிதக்கும். வண்டும் மிதக்கும்.

“பதரை நான் அள்ளுறன்,” என்றேன்.

“நீங்களா? கை நனையுமே அத்தான். மேலிடத்து ஓடர் ஏதும் வந்ததோ?”

அவன் முதலில் தூக்கியதே அந்த மூட்டையைத்தான். நெல் இறங்கியது, தண்ணீர் கலங்கியது. கை குவித்து ஒரு சிரங்கை பதர் அள்ளினேன். இன்னொன்று. ஒன்றுமில்லை. அவன் அடிவரை கைவிட்டுக் கிண்டினான். கறுப்பாக ஒன்று சுழன்று மேலே வந்தது. பொத்திப் பிடித்தேன்.

“என்னது? காட்டுங்க.”

விரித்தேன். ஆறு காலையும் மடக்கிக்கொண்டு கல்லாய்க் கிடந்தது. பயந்தால் செத்ததுபோல் கிடப்பது இந்த வண்டின் வழக்கம். அது எனக்குத் தெரியும்.

“செத்திற்றா?”

“ஓம்,” என்றேன். புகையூட்டிய களஞ்சியங்களுக்கு நான் எழுதிய அறிக்கை ஒன்றிலும் இப்படிப் பொய் சொன்னதில்லை. எறிவதுபோல் திரும்பி, சட்டைப் பைக்குள் போட்டேன்.

அவன் குனிந்தபடியே அடுத்த மூட்டையை அவிழ்த்தான்.

“பிணம் பொக்கட்டுக்குள்ள நடக்குது அத்தான்.”

குனிந்து பார்த்தேன். துணி அசைந்தது.

“மிச்சம் அஞ்சு மூட்டைப் பதரையும் நீங்களே அள்ளுங்க,” என்றான். “மறுகா, அந்த மூடிக்கு மேல ஒரு கல்லத் தூக்கி வையுங்க.”

குனிந்து குனிந்து நாரி நோக நோக ஐந்தையும் அள்ளினேன். பெட்டிக்குள் விட்டதும் அது நேரே கரட்டுக்குப் போனது.