எங்கேயும் எழுதாத இடம்

செவிலிமேட்டில் கம்பெனி பஸ் ஏறிய முதல் நாள். காலியாயிருந்த ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தேன். கோட் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அதைத் தொகுத்துப் புரோகிராமாக்கும் பில்ட் டூலுக்குச் சொல்லவே நாற்பது வரி எழுதியிருந்தேன். அப்படியும் எரர்.

எனக்குப் பின்னால் ஏறிய பெண், அடையாள அட்டைக் கயிற்றைக் கடித்தபடி எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இவ்ளோ எழுதிக்கினு இருக்கீங்க? அது வழக்கமா தேடுற ஃபோல்டர் ஒண்ணு இருக்குது. அதுல வையுங்க, போதும்."

வைத்தேன். நாற்பது வரியையும் அழித்தேன். பில்ட் ஓடியது! பஸ்ஸே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

"சரி, எழுந்திருங்க. இது என் சீட்டு."

"எங்க எழுதியிருக்குது?" என்றேன். பஸ்ஸே சிரித்தது.

அவர் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது. அவர் லீவு போட்ட நாளிலும், தெரியாமல் அந்த சீட்டில் உட்காருகிறவர்களை நானே எழுப்பிவிடுகிறேன்.