தித்தினா சொன்ன ருசி

இத்தாலியில், நாப்போலி நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கஸ்தெல்லமாரேயில் காப்பி தெரியாதவன் என்று ஒருவன் பிறந்ததே இல்லை. ஆகவே அங்கே காப்பி போடச் சொல்லிக்கொடுக்கவும் ஆள் கிடையாது. பேசத் தெரிந்தவனுக்குப் பேச்சுப் பள்ளி எதற்கு? ஐம்பத்து நான்கு வயதில் கத்தெல்லோ சொம்மா ஒரு கடைக்காரன் முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றபோதுதான் இந்த விஷயம் அவருக்குப் புரிந்தது.

கத்தெல்லோ கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் லைசென்ஸ் வாங்கினார்கள். “என்ஜின் கதறுறது காதுல விழலையா? கியரை மாத்து தாயே, புண்ணியமாப் போகும்!” என்று அவர் போடும் சத்தம் கார் கண்ணாடியைத் தாண்டி மாடி ஜன்னல்கள் வரைக்கும் கேட்கும். சந்தேகம் என்பது மற்றவர்களுக்கு வருவது, தீர்ப்பது தன் வேலை என்று நினைத்து வாழ்ந்த மனிதர். அவரையும் ஒரு காப்பி மெஷின் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டுவிட்டது.

எல்லாம் தித்தினாவுக்காக. குளிர்காலத்தில் அவர் மனைவிக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அவள் மூக்கையும் நாக்கையும் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. தித்தினா தன் தம்பியின் மீன் கடையில் நிற்பவள். “மீன் கடைக்காரிக்கு மூக்கு போனா அது வியாதியா, வரமா?” என்று வாடிக்கைக்காரர்கள் கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் நெத்திலி புதுசா பழசா என்று பக்கத்தில் நிற்பவர்களை முகர்ந்து பார்க்கச் சொல்லவேண்டி வந்த அன்று, வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காப்பி கொதிக்கவைக்கும் மோக்கா பாத்திரத்தைத் துடைத்து அலமாரியின் பின்வரிசையில் வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அடுப்பில் அது கொதிக்கும் சத்தத்தில்தான் கத்தெல்லோ கண் விழிப்பார்.

“எனக்குச் சுடுதண்ணிக்கும் காப்பிக்கும் வித்தியாசம் தெரியல, கத்தே. தூளை எதுக்கு வீணாக்கணும்?” என்றாள்.

அந்த ஊரில் ஒருத்தி சாப்பாட்டை விட்டால் கோபம் என்பார்கள். காப்பியை விட்டால் இறுதி ஜெபத்துக்குப் பாதிரியாரைக் கூப்பிடலாமா என்று யோசிப்பார்கள். தித்தினா தட்டில் வைத்ததைக் கடமைக்குத் தின்றாள். பேச்சு குறைந்தது, கன்னம் வற்றியது. டாக்டரோ, “திரும்பி வரலாம், வராமலும் போகலாம். அவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச வாசனையா தினமும் காட்டிக்கிட்டே இருங்க” என்று இரண்டு பக்கமும் கால் வைத்துப் பேசினார். கத்தெல்லோ ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தார். பிடித்த வாசனை என்றால் காப்பி. அதிலும் மோக்கா போதாது. மூக்கில் அடிக்கும்படி, மெஷினில் அழுத்திப் பிழியும் எஸ்பிரெசோ வேண்டும்.

முதலில் கீழே இருக்கும் சவேரியோவின் காப்பி பாரிலிருந்து கோப்பையை மூடி எடுத்துக்கொண்டு ஓடினார். லிப்ட் என்று ஒன்று இருந்தது, இருந்தது, அவ்வளவுதான். மாடிப்படி எல்லாம் ஏறி மூச்சிரைக்க அவர் நீட்டியதை தித்தினா ஒரு வாய் குடித்துவிட்டு, “ஒண்ணும் தெரியல” என்றாள். படியேறும்போதே காப்பியின் உயிர் போய்விடுகிறது என்று அவர் முடிவு கட்டினார். பாரை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட வேண்டியதுதான்.

நாப்போலிக்குப் போய் மெஷின் விற்கும் கடையில் கேட்டார். கடைக்காரன் சின்ன வயசு, தாடியைச் சீப்பால் வாரியிருந்தான்.

“ஒரு பாய்லரா, ரெண்டு பாய்லரா, சார்?”

“ஒரு காப்பிதான்பா வேணும்.”

“சரி. அரைக்கிற மெஷின்ல பல்லு தட்டையா இருக்கணுமா, கூம்பா இருக்கணுமா?”

“எது நல்லது?”

“அது நீங்க எந்த மாதிரி காப்பி தேடறீங்கங்கறதைப் பொறுத்தது.”

“நல்ல காப்பி தேடறேன்!”

“எது உங்களுக்கு நல்லது, சார்?”

தன்னிடம் முதல் நாள் வருகிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தன்னை ஏன் அப்படிப் பார்க்கிறார்கள் என்று கத்தெல்லோவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. காப்பியில் சந்தேகம் என்று ஊரில் யாரிடமும் வாய் திறக்கவும் முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு கைக்கு அடக்கமான ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தார்.

செய்தி அவருக்கு முன்பே பாருக்குப் போய்விட்டிருந்தது.

“வாங்க முதலாளி!” என்று சவேரியோ கோப்பையைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்தான். “வீட்டுலயே பார் வெச்சுட்டியாமே. அப்படியே ஞாயித்துக்கிழமைப் பூசையையும் வீட்டுலயே வெச்சுக்க. பாதிரியாருக்கும் ஒரு வேலை மிச்சம்.”

“தித்தினாவுக்காகடா.”

சவேரியோ துணியைக் கீழே வைத்தான். “தெரியும். சும்மா சொன்னேன். தூளை இறுக்கி அமுக்கு, அவ்வளவுதான் வித்தை.”

பக்கத்தில் நின்றவன், “இறுக்கக் கூடாது, லேசா அமுக்கணும்” என்றான். அதற்கும் பக்கத்தில் நின்றவன், அமுக்குவதில் ஒன்றுமே இல்லை, எல்லாம் தண்ணீரில் இருக்கிறது என்றான். ஆளுக்கொரு பேச்சு, எல்லாம் சத்தியம் செய்து சொன்ன பேச்சு. கத்தெல்லோ போனில் வீடியோ பார்த்தார். அதில் ஒருவன் கொட்டையை மருந்துபோல் நிறுத்தான். இன்னொருவன் தூளை ஊசியால் கிளறினான். மூன்றாமவன் அவர்கள் இருவரையும் மடையர்கள் என்றான். மூன்று பேரும் கடைசியில் ஒரே மாதிரி கண்ணை மூடி ‘ஆஹா’ என்றார்கள்.

வீட்டு மெஷினிலிருந்து வந்தது ‘ஆஹா’வாக இல்லை. நைசாக அரைத்தால் மை மாதிரி சொட்டியது. கொஞ்சம் பரும்படியாக அரைத்தால் கூரைத் தண்ணீர் மாதிரி கொட்டியது. மேலே பொன்னிறமாக நுரை கட்டவேண்டிய இடத்தில் சோப்புக் குமிழி மாதிரி ஏதோ வந்து உடைந்துபோனது. ஒவ்வொன்றையும் தித்தினாவுக்கு முன்னால் வைத்துவிட்டு, பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர் மாதிரி நிற்பார்.

“ஒண்ணும் தெரியல, கத்தே.”

“சரி. பரவாயில்ல. நாளைக்கு.”

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, ஒரு காலையில் அவள் கோப்பையை உடனே கீழே வைக்கவில்லை. நெற்றியைச் சுருக்கினாள். “ஏதோ... கசப்பு மாதிரி” என்றாள்.

கத்தெல்லோ அப்படியே அவளைக் கட்டிக்கொண்டார். அன்று பாடம் படிக்க வந்த ரொசால்பா சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனபோதுகூடத் திட்டவில்லை. “பார்த்துப் போம்மா” என்றாராம். ரொசால்பா பயந்துபோய் வண்டியை ஓரம் கட்டி, “உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?” என்று கேட்டாளாம்.

அன்றிலிருந்து தித்தினா தினமும் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தாள். கசப்பு என்றால் அவர் அரைவையைப் பருமனாக்குவார். புளிப்பு என்றால் நைசாக்குவார். இதுவரை எளிது. ஆனால் நேற்று புளித்ததை இன்று நைசாக்கினால், இன்னும் புளிப்பு என்றாள். அதே அளவில் மறுநாள் போட்டால் கசப்பு என்றாள். ஒன்றையும் தொடாமல் அப்படியே போட்ட நாளில், “நேத்தைக்கு இது தேவலாம், ஆனா ஏதோ குறையுது” என்றாள். தானே குடித்துப் பார்த்தார். அவள் புளிப்பு என்ற நாளில் அவருக்கும் புளித்தது. கசப்பு என்ற நாளில் கசந்தது. தலையைப் பிய்த்துக்கொள்ளாத குறை.

“என்னடா இது, ஒரே அளவு, ஒரே தூள், தினம் ஒரு ருசி?” என்று சவேரியோவிடம் முறையிட்டார்.

“சிரொக்கோ அடிக்குதில்ல? தெக்கத்திக் காத்து. ஈரம் ஏறினா அரைவை மாறும். நான் காலையில ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை திருகுவேன்.”

பிறகு காற்றையும் கணக்கில் எடுத்தார். பால்கனியில் நின்று விரலை நனைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து திருகினார். கசப்பு, புளிப்பு, தேவலாம், குறையுது. காற்று நின்ற நாளிலும் அதே கதை. மனிதர் தூக்கத்தில்கூட ‘நைசு, நைசு’ என்று முனகினார். கடைசியில் குற்றம் மெஷினுடையது என்று முடிவுக்கு வந்தார். மூடிவிட்டுப் போன ஒரு கடற்கரை விடுதியிலிருந்து பெரிய மெஷின் ஒன்றைப் பேசி முடித்து, சவேரியோவையும் தித்தினாவின் தம்பியையும் சுமக்க வைத்து மேலே ஏற்றினார். அடுப்பங்கரை மேடையில் அதை வைத்ததும் ரொட்டி நறுக்க இடமில்லாமல் போனது.

எங்கள் பக்கத்தில் புது மோக்கா வாங்கினால் முதல் காப்பியை யாரும் குடிப்பதில்லை. பழைய காப்பிச் சக்கையைப் போட்டு இரண்டு மூன்று முறை கொதிக்கவிட்டுக் கொட்டுவார்கள். உலோகம் காப்பிக்குப் பழக வேண்டும் என்பது கணக்கு. மெஷினுக்கு அது தேவையா என்று கத்தெல்லோ எந்த வீடியோவையும் கேட்கவில்லை. இது ஒன்றாவது தனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்ததே என்ற நிம்மதியில் இறங்கிவிட்டார். பூந்தொட்டிக்குப் போட என்று டப்பாவில் சேர்த்துவைத்திருந்த சக்கை இருந்தது. மேலே லேசாகப் பூஞ்சை பிடித்திருந்தது. சுரண்டிப் போட்டுவிட்டு மீதியைத் திணித்தார். கோப்பையில் பழுப்பாக ஒரு தண்ணீர் இறங்கியது. கொட்டப் போன நேரத்தில் கீழே ஹாரன் அலறியது. பாடத்துக்கு வந்த ரொசால்பா, அவர் இறங்கி வருவதற்குள் பயிற்சி வண்டியைக் கிளப்பி மீன் வண்டிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு எடுக்கத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தாள். அவர் இறங்கி ஓடினார்.

வண்டியை எடுத்துவிட்டு, இரண்டு பக்கத்து வசவையும் வாங்கிக்கொண்டு, திரும்பி ஏறி வந்தபோது தித்தினா கோப்பையோடு நின்றாள். கோப்பை காலி. முகம் மலர்ந்திருந்தது.

“கத்தே, பிடிச்சுட்ட! இதுதான்! முதல்ல கசப்பு, அப்புறம் சாக்லேட் மாதிரி, கடைசியில ஒரு தித்திப்பு. சவேரியோகூட இப்படிப் போட மாட்டான்.”

கத்தெல்லோ கதவருகிலேயே நின்றார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பூஞ்சைச் சக்கையில் சாக்லேட் எப்படி வரும்? மெஷின் அவ்வளவு உசத்தியா? ஒரு கணம் அதைக்கூட நம்பப் பார்த்தார். அப்புறம் மெல்லப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று இருந்தது.

“தித்தீ... அது பூந்தொட்டிச் சக்கை. கொட்டறதுக்கு வெச்சிருந்தேன்.”

அவள் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“நேத்து புளிப்புன்னு சொன்னியே?” என்றார் அவர்.

“அதுக்கு முந்தின நாள் கசப்புன்னு சொல்லியிருந்தேன். தினமும் அதையே சொன்னா நம்புவியா? அதான் மாத்திச் சொன்னேன்.”

“தேவலாம்னது?”

“அதுவும்.”

“நான் காத்தை எல்லாம் பார்த்துத் திருகினேனே, தித்தீ!” கோபமா, வெட்கமா, துக்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. “எதுக்குடி இப்படிச் செஞ்ச?”

“ஒண்ணும் தெரியலன்னு சொல்ற ஒவ்வொரு தடவையும் உன் மூஞ்சி தொங்கிப் போகுது. எனக்குப் போனது மூக்கு, கண்ணு இல்ல. புளிப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா எழுந்து ஓடி எதையோ திருகற, விசிலடிக்கற. இந்த வீட்டுல ஒருத்தராவது நல்லா இருக்கட்டுமேன்னு நினைச்சேன்.”

“அப்போ வாசனை?”

“வரல, கத்தே. ஒரு துளி வரல. வரும்னும் எனக்குத் தோணல.”

அவள் அதை அழாமல் சொன்னாள். அழுதது அவர்தான். அழுதுகொண்டே, வேறு என்ன செய்வது என்று தெரியாமல், சக்கையைத் தட்டிவிட்டு நல்ல கொட்டையை அரைத்து, அமுக்கி, ஒரு காப்பி போட்டார். இறுக்கி அமுக்கினாரா லேசாக அமுக்கினாரா என்று அவருக்கே தெரியாது. பழக்கத்தில் அவளுக்கு முன்னால் வைத்தார். எப்படி இருக்கிறது என்று கேட்க வாய் திறந்து, மூடிக்கொண்டார்.

தித்தினா கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். “நீ குடி. குடிச்சுட்டு எனக்குச் சொல்லு.”

அவர் குடித்தார். “நல்லாத்தான் இருக்கு.”

“பொய்யை நான் சொல்லி முடிச்சாச்சு. நீ ஆரம்பிக்காத. உள்ளதைச் சொல்லு.”

அவர் இன்னொரு வாய் குடித்தார். யாருடைய தீர்ப்பும் காதில் இல்லாமல் தன் காப்பியைத் தானே குடிப்பது அதுதான் முதல் தடவை. நாக்கைச் சுழற்றினார். முகம் கோணியது.

“கேவலமா இருக்கு, தித்தீ.”

“எப்படிக் கேவலம்? விவரமாச் சொல்லு.”

“ஏத்தத்துல வண்டி பின்னால உருளும்போது கிளட்ச் கருகி ஒரு நாத்தம் வருமே, அது. அதுல எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்ச மாதிரி. அடியில துரு. நாக்கு காஞ்சு போச்சு. இத்தனை நாளா இதையாடி உனக்குக் குடுத்தேன்?”

தித்தினா சிரிக்க ஆரம்பித்தாள். காய்ச்சல் வந்ததிலிருந்து அந்தச் சிரிப்பை அந்த வீடு கேட்டதில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். அவர் எழுந்து கோப்பையைத் தொட்டியில் கொட்டப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

“குடு இங்க. இந்த வீட்டுல இதைக் குடிக்க முடிஞ்ச ஆளு நான் ஒருத்திதான்.”