கிளிப்பு மாட்டியாச்சா?

சட்டைப் பையில் டெஸ்டர் செருகாமல் கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார். அதனால் அவருக்கு 'டெஸ்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் யோசித்து யோசித்து வைத்த பெயர் பாவம், வீணாய்ப் போயிற்று.

இருபத்திரண்டு வருடம் வீடுவீடாக வயரிங் வேலை. ஒருநாள் வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று வயரைத் தொட்டார். கரண்ட் அவரைத் தூக்கி எறிந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்றிலிருந்து தினமும் பதினோரு மணிக்கு மனைவியின் போன் வரும். கொஞ்சல் கிடையாது, குசலம் கிடையாது.

"செருப்பு கால்ல இருக்கா?"

ரப்பர் செருப்பு காலில் இருந்தால் கரண்ட் உடம்பு வழியாகப் பூமிக்கு இறங்காது, புருஷன் வீடு திரும்புவான். அவளுக்குத் தெரிந்த மின்சாரம் அவ்வளவுதான். அதை அவர் மண்டையில் ஆணியடித்த மாதிரி இறக்கிவிட்டாள்.

நாற்பத்தைந்து வயதில் முழங்கால் மக்கர் பண்ணியது. ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனிதர் அசரவில்லை. மாலை வகுப்பில் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எலக்ட்ரானிக்ஸ் படித்து, இதயத் துடிப்பைக் காட்டும் ஆஸ்பத்திரி மானிட்டர்களைப் பழுது பார்க்கும் இடத்தில் சேர்ந்தார். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலை நிரந்தரம். அந்த வயதில் இதை விட்டால் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுக்கப்போகிறார்கள்?

கைவேலை சுத்தம். அவர் ஈயம் உருக்கி வைத்த சால்டரைப் பூதக்கண்ணாடியில் பார்த்த மேலாளர், மகள் வயதுப் பெண், "அச்சு மாதிரி இருக்கு அண்ணே!" என்றாள். ஆனால் அவர் தொட்ட மூன்று மானிட்டர் போர்டுகள் வரிசையாகச் செத்தன.

இந்தத் தொழிலில் எல்லாம் தலைகீழ். நம் உடம்பில் நமக்கே தெரியாமல் சேரும் துளி மின்சாரம் போதும், போர்டில் உள்ள சிப்பின் கதை முடிந்துவிடும். அது பூமிக்கு இறங்கிவிடும்படி மணிக்கட்டில் பட்டை கட்டி, பட்டையின் வயரில் இருக்கும் பல் வைத்த கிளிப்பை மேஜையின் எர்த் கம்பியில் மாட்டிக்கொள்ள வேண்டும். டெஸ்டர் பட்டையைக் கட்டினார். கிளிப்பை யாரும் பார்க்காதபோது சட்டைப் பைக்குள் மாட்டிக்கொண்டார். தன்னைத் தானே எர்த்தில் கட்டிப்போட்டுக்கொண்டு கரண்ட் ஓடும் மேஜையில் கை வைப்பதா? எந்த எலக்ட்ரீசியனாவது செய்வானா? அந்த வயருக்குள் கரண்டைத் தடுக்கும் பத்து லட்சம் ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது, ஆபத்தில்லை என்று அவரே மீட்டர் வைத்து அளந்து பார்த்தார். ஆனாலும் கம்பிப் பக்கம் போன கை தானாகவே பைக்குத் திரும்பிவிடும்.

"அண்ணே, நாளைக்குக் கடைசி போர்டு. இதுவும் போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் மேலாளர், முகத்தைப் பார்க்காமல்.

அன்று மாலை சட்டையைத் துவைக்க எடுத்த மனைவி கத்தினாள். "என்னங்க இது, பாக்கெட்டுக்குள்ள எலி கடிச்ச மாதிரி பல்லு பல்லா பதிஞ்சிருக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் பக்கெட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாந்தாங்க தினமும் போன் பண்ணிப் பண்ணி உங்களப் பயமுறுத்தி வச்சிருக்கேன்."

"உன் போன்னாலதான்டி நான் உசுரோட இருக்கேன்."

"அந்தக் கிளிப்ப மாட்டினா உங்களுக்கு ஒண்ணும் ஆகாதே? என் தலைமேல கை வச்சுச் சொல்லுங்க."

கை வைத்தார். "ஆகாது." எடுக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

மறுநாள் காலையிலிருந்து மேஜையைத் துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குப் போன் அடித்தது.

"கிளிப்பு மாட்டியாச்சா?"

"இல்ல."

"மாட்டுங்க. நான் போனை வைக்கல."

பையிலிருந்து கிளிப் வெளியே வருவதை எதிர் மேஜையில் இருந்த மேலாளர் பார்த்துவிட்டாள். டெஸ்டருக்கு முகம் செத்துவிட்டது. "மூணும் என்னாலதான் போச்சு மேடம்" என்றார். கண்ணை இறுக மூடிக்கொண்டு கிளிப்பைக் கம்பியில் மாட்டினார்.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலடி."

போனில் அவள் மூச்சு விடுவது கேட்டது. மேலாளர் கடைசி போர்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

நான்கு மணிக்கு மானிட்டர் திரையில் பச்சைக் கோடு துள்ளித் துள்ளி ஓடியது. "இனிமே பாக்கெட் வச்ச சட்டையே போடாதீங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு மேலாளர் அடுத்த போர்டை எடுத்து நீட்டினாள். டெஸ்டர் முதல்முறையாக வேலை நேரத்தில் தானே மனைவிக்குப் போன் செய்தார்.

"போர்டு எந்திரிச்சிருச்சுடி! வேலை நமக்குத்தான்!"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. பிறகு, வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டாள்:

"செருப்பு கால்ல இருக்கா?"