குளியலறைத் தாழ்ப்பாள்

அமீர் நிஷாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணிந்துவிடும். விருத்தாசலம் செராமிக் கம்பெனியில் அவளோடு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டும் பெண்களுக்கு அது தெரியும். கணவர் கியாசுதீனுக்குத்தான் தெரியாது. கல்யாணமான மறுவருஷமே சவூதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போனவர் அவர். போனில் அவள் குரல் தணிந்தால் சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொள்வார்.

இந்த முறை லீவில் வந்தபோது குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருந்தது. ஆசாரி காத்தவராயனை வரச்சொல்லியிருந்தாள் நிஷா. வாசல் வரை வந்தவரைக் கியாசுதீன் திருப்பி அனுப்பிவிட்டார்.

"நான் வூட்டுல இருக்கும்போது இதுக்குப் போயி ஆசாரியா?"

மறுநாள் காலையில் பசை டியூப் ஒன்றை வாங்கிவந்து, தாழ்ப்பாளைப் பிளாஸ்டிக் கதவோடு ஒட்டவைத்து அழுத்திப் பிடித்தார். மிச்சப் பசை தாழ்ப்பாளுக்குள் வழிந்ததைக் கவனிக்கவில்லை. "இனிமே அசையாது" என்று சொல்லிவிட்டு, போனைக்கூட எடுக்காமல் டீக்கடைக்குப் போய்விட்டார்.

நிஷாவுக்கு அன்று அவசரம். வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள், நீதான் சரக்கைக் காட்டிப் பேச வேண்டும் என்று கம்பெனி முதலாளியம்மா கனகா சொல்லியிருந்தார். அப்படி ஒரு பொறுப்பு அவளுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. குளித்து, உடை மாற்றிக்கொண்டு தாழ்ப்பாளை இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். விரல் நகம்தான் பிய்ந்தது. கூடத்தில் அவள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு வீரம்மாள் ஓடிவந்தாள். மறுபடி அடித்த போனை அவள்தான் எடுத்துப் பேசினாள்.

"நிஷா, ஒங்க கனகாம்மா. வந்தவங்க காத்துக்கிட்டு இருக்காங்களாம். ஒங்க வூட்டுக்காரரத் தேடிக் கூட்டியாரட்டா?"

"வேணாங்க்கா. நீங்க தள்ளி நின்னுக்குங்க."

மோட்டார் எரிந்துபோனபோதும், மழைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோதும் யாரைக் கூப்பிடுவது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். இப்போது சொந்த வீட்டுக் குளியலறையில் அடைபட்டு நிற்கிறாள். ஓங்கி உதைத்தாள். நாலாவது உதையில் கதவு நடுவில் பிளந்தது.

அவள் குனிந்து வெளியே வரும்போது கியாசுதீன் உள்ளே நுழைந்தார். பிளந்த கதவைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"கதவையே ஒடச்சிட்டியா? பாத்தியா, தாழ்ப்பா அசையல."

நிஷா ஈரத் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். வீரம்மாளுக்கே கேட்காத அளவுக்குத் தணிந்த குரலில் சொன்னாள்.

"நீங்க இல்லாதப்ப இந்த வூட்டுல நான் ஒருநாளும் இப்பிடி மாட்டிக்கிட்டது இல்ல."

அவர் சிரிப்பு நின்றது. பைக்கில் கொண்டுவிடுகிறேன் என்றார். காதில் வாங்காமல் ஆட்டோ பிடித்துப் போனாள். அதற்குள் கூட வேலை பார்க்கும் இளமதி சரக்கைக் காட்டி முடித்திருந்தாள். வியாபாரிகள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். கனகா திட்டவில்லை, "அடுத்த தடவ பாக்கலாம்" என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது.

சாயங்காலம் அவள் திரும்பியபோது காத்தவராயன் புதுக் கதவை மாட்டிக்கொண்டிருந்தார். கியாசுதீனே போய்க் கூட்டி வந்திருந்தார். காலையில் பசை ஒட்டித் தோல் பிய்ந்த விரல்களை மடக்கிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"மன்னிச்சுக்க, நிஷா. சிரிச்சிருக்கக் கூடாது."

"மன்னிச்சிட்டேன்," என்றாள். "கோவம் இன்னும் போவல. அது போற வரைக்கும் நீங்க எதையும் ரிப்பேர் பண்ண வேணாம்."

அவர் தலையாட்டினார். அவள் புதுத் தாழ்ப்பாளை நாலைந்து முறை போட்டு, இழுத்துப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.