டெக்கானுக்குப் போன கைவிலங்கு

ஓவியக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் குடையோ தண்ணீர் பாட்டிலோ எடுத்துப் போவார்கள். போன சனிக்கிழமை நாங்கள் எடுத்துப் போனது ஒன்றரைக் கிலோ இரும்பில் ஒரு கைவிலங்கு.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் அடிமைகளாக இருந்த காலத்தை ஓவியமும் இலக்கியமும் எப்படிக் காட்டின என்று புனேயின் டெக்கான் பக்கம் ஒரு சின்னக் கூடத்தில் கண்காட்சி. நடத்துபவர் ரேவதி, புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். வருகிறவர்கள் கையை நுழைத்துப் பார்க்க ஒரு விலங்கு வேண்டும் என்று பழைய படம் ஒன்றைக் காட்டிக் கேட்டிருந்தார். செய்தவர் என் மனைவியின் அண்ணன் முருகேசன். கோவில்பட்டிக்காரர், கசார்வாடியில் பட்டறை வைத்திருக்கிறார். தனியாக விட்டால் மச்சான் வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று நானும் ஒட்டிக்கொண்டேன்.

மதியம் 2.10-க்கு கசார்வாடி மெட்ரோ. ஸ்கேனரில் பை போனதும் காவலர் நிமிர்ந்தார். "யே க்யா ஹை, பாய்?" இது என்ன என்று இந்தியில் கேட்டார். அழைப்பிதழைக் காட்டினோம். விலங்கைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார். அதே பையில் மச்சான் பழக்கதோஷத்தில் போட்டிருந்த அரத்தை மட்டும் விடவில்லை. திரும்பும்போது வாங்கிக்கொள்ளுங்கள், ஏழு மணிவரை இருப்பேன் என்று மேசைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

டிக்கெட் தலைக்கு 25 ரூபாய். சிவில் கோர்ட்டில் வண்டி மாற வேண்டும். டெக்கானில் இறங்கும்போது மணி 2.55. அங்கிருந்து எட்டு நிமிட நடை.

ரேவதி விலங்கை ஆசையாக வாங்கி உள்பக்கம் விரலை ஓட்டினார். முகம் வாடிவிட்டது.

"அண்ணா, ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்க. ப்ராப்ளமே அதான். உள்ள எல்லாம் ஸ்மூத்தா இருக்கு. ரஃப்பா வேணும்னு சொன்னேன்ல?"

மச்சானுக்குச் சுருக்கென்றது. "பிசிறோட ஒரு பீஸ நான் வெளிய குடுத்ததே இல்லம்மா. யாரு கையையாவது கிழிச்சுரும்லா?"

ஐந்து மணிக்குத் திறப்பு. இப்படியே வைப்பதென்றால் விலங்குக்காகப் போட்ட மேசையையே எடுத்துவிடுவேன் என்றார் ரேவதி. பிறகு மச்சானிடம் சொன்னார்: "உள்ள ஒரு சக்கர் சுத்திப் பாத்துட்டு வாங்க அண்ணா, ப்ளீஸ்."

இடது சுவரில், அந்தக் காலத்து முதலாளிகள் விரும்பி மாட்டிக்கொண்ட வகை ஓவியங்களின் பிரதிகள். மாலை வெயில், வெள்ளை வெளேரென்று பருத்தி, சலவைச் சட்டையில் சிரிக்கும் அடிமைகள். கல்யாண ஆல்பம் மாதிரி இருந்தது. எதிர்ச் சுவரில் ரேவதியின் கரி ஓவியங்கள். தப்பி வந்தவர்கள் தாங்களே எழுதிய வரலாறுகளைப் படித்து அவர் எழுதிய ஆங்கிலக் குறிப்புகள் ஒவ்வொன்றின் கீழும் இருந்தன. நான் மச்சானுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட பிள்ளை. ஒளிந்து ஒளிந்து எழுத்துப் பழகியவர். இரும்பு அறுத்த புண் ஆறும் முன்பே மறுபடி பூட்டப்பட்ட மணிக்கட்டு.

மச்சான் அங்கேயே நின்றுவிட்டார். பிறகு திரும்பிப் போய் இடது சுவரை இன்னொரு முறை பார்த்தார்.

"இத வரைஞ்சவனும் என்னய மாதிரியே பிசிறு எடுத்துருக்கான், மாப்ள."

ஓவியங்களுக்குச் சட்டம் மாட்டிக்கொண்டிருந்த தச்சரிடம் சுத்தியலும் உளியும் வாங்கிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார். இருபது நிமிடம் விளிம்பெல்லாம் கொத்தினார். ஒவ்வொரு அடிக்கும் முகத்தைச் சுளித்தார். பத்தொன்பது வருடத் தொழில் பழக்கத்தைத் தன் கையாலேயே கெடுப்பது லேசா? கடைசியில் தன் மணிக்கட்டில் மாட்டித் திருப்பிப் பார்த்துக் கழற்றினார். சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. "இப்ப சரியா இருக்கும்மா." ரேவதிக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்து மணிக்கு முதலில் வந்த கல்லூரிப் பெண் தோழியிடம் செல்போனைக் கொடுத்துவிட்டு, போட்டோவுக்குச் சிரித்தபடி கையை நுழைத்தாள். சிரிப்பு நின்றது. போட்டோ எடுக்கவில்லை, எதிர்ச் சுவருக்குப் போய் முதல் குறிப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். மச்சான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு நிறைவாக இருந்தது. வெளியே வந்து இருபது ரூபாய் வடாபாவ் ஆளுக்கு ரெண்டு சாப்பிட்டோம்.

போகிறவர்களுக்கு: மாதக் கடைசிவரை நடக்கிறது, திங்கள் விடுமுறை, நுழைவு இலவசம். ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். இடது சுவரில் தொடங்குங்கள். அழகாக இருக்கிறதே என்று தோன்றும், தோன்றட்டும். பிறகு எதிர்ச் சுவர். விலங்கை மெதுவாக மாட்டுங்கள். பையில் அரம் வேண்டாம்.

6.50-க்குக் கசார்வாடி. காவலர் மேசையைத் திறந்து அரத்தைக் கொடுத்தார். மச்சான் அதைப் பையில் போடவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தார். ஆட்டோ ஸ்டாண்டைத் தாண்டியதும் சொன்னார்:

"விலங்க விட்டுட்டு, அத அறுக்குற அரத்தப் புடிச்சு வச்சுக்கிட்டாரு. அன்னைக்கும் அப்படித்தான இருந்திருக்கும், மாப்ள?"