பேட்டரி அறையில் ஒரு பாய்

என் தங்கை வீட்டைப் பார்க்க யார் யாரோ வருகிறார்கள். எனக்கு அந்த வாசலை மிதித்தாலே குமட்டும்.

அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ராத்திரி டியூட்டி, அதுவும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. "பகல்ல டாக்டருங்க ரவுண்ட்ஸ், சொந்தக்காரங்க கூட்டம். ராத்திரியிலதான்க்கா நோயாளியை நிஜமா கவனிக்க முடியுது" என்பாள். ஊர் எழுந்திருக்கும் நேரத்தில் வந்து படுப்பாள். சின்ன வயதிலிருந்தே கோழித் தூக்கம் அவளுக்கு. பக்கத்து அறையில் கரண்டி விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். முன்பிருந்த வாடகை வீட்டில் ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அது போதும், சாயங்காலம் வரை அடித்துப் போட்ட மாதிரி தூங்குவாள்.

அவள் வீட்டுக்காரருக்கு வீடு வடிவமைப்பது தொழில். மண் சுவர், மழைத்தண்ணீர்த் தொட்டி, கூரையில் சோலார் என்று இயற்கையோடு ஒட்டிய வீடுகள். நான் முதுகுக்குப் பின்னால் வெளிச்சக்காரர் என்றுதான் சொல்வேன். சொந்த வீடு கட்ட ஆரம்பிக்கும் முன்பு, வருஷம் முழுக்க வெறும் மனையில் நின்று சூரியன் எந்த மாதம் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக் கோடு போட்டார். உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் பகலில் பல்பு எரிய வேண்டாம், கோடையில் ஃபேன் வேண்டாம். தெருவில் நிற்பவன் எகிறிக் குதித்தாலும் உள்ளே ஒரு கொசுவைக்கூடப் பார்க்க முடியாது. சூரியனிடம் வருஷம் முழுக்க விசாரித்தவர், பெண்டாட்டி எத்தனை மணிக்குத் தூங்குவாள் என்று மட்டும் கேட்கவில்லை.

குடிபோன அன்று உள்ளே சுற்றி வந்தேன். அடுப்படியில் நின்றால் கட்டில் தெரிகிறது. கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் கண்ணாடி. குளியலறையை விட்டால் எந்த அறைக்கும் கதவில்லை.

"கதவெல்லாம் எங்க தம்பி?"

"கதவு வெளிச்சத்தை வெட்டிடும்க்கா. ப்ரைவசிங்கறது வெளியாளுங்ககிட்ட இருந்துதான். வீட்டுக்குள்ள யாருக்கு யார் மறைக்கணும்?"

"இவ பகல்ல தூங்கறவளாச்சே?"

"பழகிடும். உடம்பு சூரியனோட ஓடணும்க்கா. பாருங்க, அவளே நைட் டியூட்டிய விட்டுடுவா."

சீ என்று வந்தது. புது வீட்டில் வாயைத் திறக்கக் கூடாதென்று விழுங்கிக்கொண்டேன்.

தங்கை கூரைக் கண்ணாடிக்குக் கீழே கறுப்புத் துணி கட்டிப் பார்த்தாள். பத்திரிகைக்காரர்கள் வருகிறார்களென்று அவர் அதை அவிழ்த்து, அழகாக மடித்து, அவள் தலைமாட்டிலேயே வைத்தார். கண்ணைச் சுற்றித் துணி கட்டினாள். வெளிச்சம் போனாலும் பேச்சுச் சத்தம் போகவில்லை. வாடிக்கையாளர்களுக்குக் காட்ட வேறு வீடா தேடுவார்? வெளியாட்கள் பார்க்கக் கூடாதென்று அப்படிக் கட்டிவிட்டு, அந்த வெளியாட்களையே பகலெல்லாம் உள்ளே கூட்டிக்கொண்டு வந்தார். ஒருவன் எதையோ மென்றபடி, அவள் படுத்திருக்கும்போதே டேப்பை விரித்துக் கட்டிலின் நீளத்தை அளந்தானாம். அவள் தூங்குகிற மாதிரி நடித்திருக்கிறாள். எழுந்தால் நைட்டியோடு அவனுக்கு வணக்கம் சொல்ல வேண்டியிருக்குமே.

ஒருநாள் காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"கை தானா வேற மருந்தை எடுத்துச்சுக்கா. சிரிஞ்ச்ல ஏத்திட்டேன். கூட இருந்த பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டா. இல்லேன்னா அந்தப் பெரியவர்..." தூக்கம் இல்லாவிட்டால் இனி அவளுக்கு வேலை இல்லை, யாருக்கோ உயிரும் இல்லை. என் கட்டிலிலேயே படுக்க வைத்தேன். எத்தனை நாளைக்கு அப்படி ஓட்ட முடியும்?

அடுத்த முறை நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனபோது கட்டிலில் ஆளில்லை. தேடினால், மாடிப்படிக்குக் கீழே சோலார் பேட்டரி வைக்கும் இருட்டுப் பொந்தில் கிடக்கிறாள். குளியலறையை விட்டால், பாதுகாப்புக்காகக் கதவு போட்ட ஒரே இடம் அதுதான். பேட்டரிக்கும் சுவருக்கும் நடுவில் பாயைப் போட்டு, காலை மடக்கிக்கொண்டு, சூடான ரப்பர் வாடையில் தூங்குகிறாள். எனக்கு அழுகை வரவில்லை, அருவருப்புதான் வந்தது. அத்தனை பெரிய வீட்டில் கூடப் பிறந்தவளுக்குக் கிடைத்த இடம் இது!

வெளிச்சக்காரரைக் கையோடு இழுத்து வந்து காட்டினேன். "நல்லாப் பாருங்க தம்பி."

பார்த்தார். இரண்டடி பின்னால் போய், தலையைச் சாய்த்து மறுபடி பார்த்தார். மனுஷனுக்கு இப்போதாவது உறைத்ததே என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். என் புத்தியை என்னவென்று சொல்ல.

அந்த வீட்டுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். தங்கை டியூட்டி முடிந்த கையோடு வந்து விழா மண்டபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் மேடையில் நின்று திரையில் ஒவ்வொரு படமாகக் காட்டினார். மண் சுவர், தொட்டி, கூரைக் கண்ணாடி. அப்புறம், திரை முழுக்க அவள். பாயில், வாய் திறந்து, நைட்டி முழங்காலுக்கு ஏறிக் கிடக்க.

"வெளிச்சத்தோட அருமை தெரியணும்னா இருட்டும் வேணும். பகல்ல தூங்கறவங்களுக்காக இந்த அறையை ஆரம்பத்துலயே யோசிச்சு வெச்சோம்" என்றார். கைதட்டல் அடங்கவே இல்லை. எனக்குப் பின்னால் இருந்தவர் எழுந்து நின்று தட்டினார்.

தங்கை திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லக்கா. பேட்டரிக்கு எதுக்குத் தாழ்ப்பாள்னு அவர்தான் வைக்கல" என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நானும் எழுந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் வாடகைக்கு அறை பார்த்தோம். வீட்டுக்காரம்மா கூச்சத்தோடு கதவைத் திறந்துவிட்டாள். "வெளிச்சம் கொஞ்சமும் வராதும்மா. அதனாலதான் யாரும் நிக்க மாட்டேங்கறாங்க."

"உள்ள தாழ்ப்பாள் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள் தங்கை. போட்டாள், எடுத்தாள், மறுபடி போட்டாள். அன்றைக்கே குடிவந்துவிட்டாள்.

மறுநாள் மதியம் கேரியரோடு போய் மெல்லத் தட்டினேன். சத்தமே இல்லை. எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. கேரியரை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பினால், வெளிச்சக்காரர் படியேறி வருகிறார்.

"அக்கா, அவளைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க. வீடு பார்க்க ஆள் வந்திருக்காங்க. அந்த ரூம் காலியா கிடந்தா யாருக்கும் புரியமாட்டேங்குது."

கதவைத் தட்டக் கையை ஓங்கினார். மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன். பிடித்த என் கைக்கே கூசியது.

"தூங்கறா" என்றேன்.

கையை உதறிக்கொண்டார். கதவை மேலும் கீழும் பார்த்தார். சுவரை ஒட்டி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, எட்டிப் பார்க்க ஜன்னல் தேடினார்.

அந்த அறைக்கு ஜன்னலே இல்லை.