சித்தி அழித்த மூன்றாவது வரி

என் சித்தி கண் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்து, யாரும் கூப்பிடாமலே கம்ப்யூட்டர் அறைக்கு ஏறியவள். பழுது பார்க்க ஆள் வரும்வரை காத்திருக்கப் பொறுமை இல்லாமல், தானே தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். கடைசியில் மேலாளரே, "அந்தம்மாவே பாத்துக்கட்டும்" என்று அறையை ஒப்படைத்துவிட்டார்.

அங்கே ஒரே கம்ப்யூட்டருக்குள் ஆறு மென்பொருள்கள், ஆறு டப்பாக்களில் அடைத்த மாதிரி தனித்தனியாக ஓடும். கண்டெய்னர் என்பார்கள். ஆறையும் கட்டி மேய்க்க ஒரு அட்மின் பக்கம். அதை அமைத்த இன்ஜினியருக்கு நான் வைத்த பெயர் மேதை. டப்பாக்களுக்குப் பெயர் வைக்க மேதைக்குச் சோம்பல். எழுத்தும் எண்ணுமாகக் கம்ப்யூட்டர் துப்பியதை அப்படியே விட்டுவைத்தான். 'ஓட்டு', 'நிறுத்து', 'அழி' மூன்று பொத்தான்களும் ஒரே சாம்பல் நிறம், ஒட்டிப் பிறந்தவை போல.

"தம்பி, டோக்கன், ரிப்போர்ட்னு பேர் போட்டா என்னப்பா?" என்று சித்தி மூன்று முறை கேட்டாள்.

"போகப்போக பழகிடும் மேடம்."

பழகித்தான் போனது. திரையில் விரல் வைத்து எண்ணுவாள். மூன்றாவது வரி ரிப்போர்ட். தினமும் மதியம் அது முரண்டு பிடிக்கும். அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கினால்தான் ஓடும்.

பத்தாவதைப் பாதியில் விட்ட எனக்கு அப்போது முழுநேர வேலை, அவளுக்குச் சாப்பாடு கொண்டு போவது. ஒருநாள் அவள் கை கழுவப் போன நேரத்தில் பட்டியலின் தலைப்பைச் சொடுக்கினேன். ஆறு வரிகளும் வரிசை மாறி, கீழிருந்து மேலாகத் திரும்பிக்கொண்டன. வந்து பார்த்து ஐயையோ என்று கத்துவாள், சிரிக்கலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

அவள் கத்தவில்லை. எண்ணினாள். மூன்றாவது வரியை அழித்தாள்.

அது டோக்கன், நோயாளிகளுக்கு வரிசை எண் கொடுக்கும் டப்பா. அன்றைய பதிவு மொத்தமும் அந்த டப்பாவுக்குள்ளேதான் இருந்தது. வெளியே ஒரு நகல் வைக்க மேதைக்குத் தோன்றவே இல்லை.

கூடத்தில் கண்ணுக்கு மருந்து விட்டு, பார்வை மங்கி உட்கார்ந்திருந்த அறுபத்து மூன்று பேருக்கு வரிசை இல்லாமல் போனது. சித்தி காகிதத்தோடு ஒவ்வொருவரிடமும் குனிந்து பெயர் கேட்டாள். "விடியறதுக்குள்ள வந்தேனே, இதுதான் நீ வேல பாக்கற லட்சணமா?" என்று ஒரு பெரியவர் அவளென்று நினைத்து வேறு யாரையோ திட்டினார்.

அதற்குள் நான் தலைப்பை மறுபடி சொடுக்கி வரிசையைப் பழையபடி ஆக்கியிருந்தேன். திரும்பி வந்து, "டேய், நீ எதையாவது தொட்டியா?" என்றாள்.

"நானா? சாப்பாட்டத் தவிர எதையும் தொடல சித்தி."

நம்பிவிட்டாள். அதுதான் வினை. தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். அதே ஆஸ்பத்திரியில் கண்ணைச் சோதித்துக்கொண்டாள், குறையில்லை என்றார்கள். "அப்போ மண்டையிலதான்க்கா கோளாறு" என்று அம்மாவிடம் சிரித்தாள். அணைத்த அடுப்பை மறுபடி போய்ப் பார்த்தாள். தெருவைக் கடக்கையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். சட்டை கசங்குகிறதென்று சலித்துக்கொண்டேன். வேறென்ன சொல்வது?

நான்காம் மாதம், வரவேற்பு மேசைக்கே திரும்புவதாகக் கடிதம் எழுதி, பிழை பார்க்க என்னிடம் நீட்டினாள். ஆள் பிடித்தாள் பாருங்கள்! 'எனக்கு இப்போது எதுவும் நினைவில் நிற்பதில்லை' என்று எழுதியிருந்தது.

"இது தப்பு சித்தி," என்றேன். "அன்னிக்கு வரிசைய நான்தான் திருப்பி வச்சேன்."

"நாலு மாசம்டா," என்றாள். "நாலு மாசமா நான் என்னையே..." கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால் தேவலை.

மறுநாள் மேலாளர் அறையில் மேதையை உட்கார வைத்துக் கேட்டாள். சாப்பாட்டோடு வாசலில் நின்றிருந்தேன். "வரிசைய மாத்தினது யாரா வேணா இருக்கட்டும். மாறினதே தெரியாத மாதிரி ஒரு பக்கத்த ஏன்ப்பா செஞ்ச?" என் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது டப்பாக்களுக்குப் பெயர் இருக்கிறது. 'அழி' சிவப்பு நிறத்தில் தள்ளி நிற்கிறது. அழுத்தினால், அழிக்கப்போவதன் பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது. டோக்கன் பதிவு வெளியிலும் சேமிக்கப்படுகிறது. சித்தி அந்த அறையிலேயே இருக்கிறாள்.

எழுந்து போகும்போதெல்லாம் இப்போது திரையைப் பூட்டிவிட்டுப் போகிறாள். திரும்பி வந்து கடவுச்சொல்லைத் தட்டும்போது, அவள் சொல்லாமலே நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.